நான் சொல்லாமல் விட்டது

கோத்தகிரிப் பக்கம் ஒரு தேயிலை எஸ்டேட்டின் ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள் நான். கழுத்தில் கட்டியோடு வரும் பெண்களிடம் பேசி, தைரியம் சொல்லி, கோயம்புத்தூருக்கு ஆபரேஷனுக்கு அனுப்பி வைப்பதும் என் வேலைகளில் ஒன்று. அப்படி அனுப்பியவர்களில் ஒருவரிடம்கூட, இதில் குரல் மாறிப்போகவும் வாய்ப்பு உண்டு என்று நான் சொன்னதில்லை. தெரியாமல் இல்லை, தெரிந்தேதான் சொல்லவில்லை. சொன்னால் போகமாட்டார்கள் என்று நினைத்தேன். பிறகு ஒருவருக்கு அது நடந்தபோது, இதை வெளியில் சொல்லி மற்றவர்களைப் பயமுறுத்தாதீர்கள் என்று அவரிடமே கேட்டுக்கொண்டேன்.

தெரியும் என்று சொன்னேனே, எவ்வளவு தெரியும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பயிற்சிக் காலத்தில் சர்ஜிக்கல் வார்டில் எங்களுக்குக் கண்டிப்பாகக் கற்றுக்கொடுத்த விஷயம் இது. தைராய்டு ஆபரேஷன் முடிந்து வருகிறவரின் கட்டிலுக்குப் பக்கத்தில், மூச்சுக்குழாயைத் திறப்பதற்கான கருவிகள் கொண்ட டிரேயும் கால்சியம் ஊசி மருந்தும் தயாராக இருக்க வேண்டும். உள்ளே ரத்தம் கசிந்து கழுத்து வீங்கினால் மூச்சு அடைத்துவிடும். பக்கத்தில் இருக்கிற சிறு சுரப்பிகள் பாதிக்கப்பட்டால் கால்சியம் இறங்கி, விரல்கள் மரத்து, கை இழுத்துக்கொள்ளும். மயக்கம் தெளிந்ததும் "உங்க பேரு என்னம்மா?" என்று கேட்க வேண்டும். குரல் வருகிறதா என்று பார்க்கத்தான் அந்தக் கேள்வி. தைராய்டு சுரப்பிக்குப் பின்னால், மூச்சுக்குழாயை ஒட்டினாற்போலக் குரல்நாண்களை அசைக்கிற நரம்பு ஓடுகிறது. இடதுபக்கத்து நரம்பு நெஞ்சுக்குள் இறங்கி, இதயத்திலிருந்து கிளம்பும் பெருந்தமனியைச் சுற்றிக்கொண்டு மறுபடி கழுத்துக்கு ஏறி வருகிறது. அது இழுபட்டால் குரல் கரகரக்கும், தண்ணீர் குடித்தால் புரையேறும். பெரும்பாலும் சில வாரங்களிலோ மாதங்களிலோ சரியாகிவிடும். அறுபட்டால் அந்தப் பக்கத்து நாண் அசையாமல் நின்றுவிடும்.

பேரைச் சொல்லிவிட்டால் குரல் இருக்கிறது என்று அர்த்தம். என் அறிவு அதோடு நின்றது.

குரல் மாறிப்போனதாக மேலே நான் குறிப்பிட்டவர் ஓர் அக்கா. அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 1964-இல் கையெழுத்தானதே, அதன்படி இலங்கைத் தோட்டங்களிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட குடும்பங்களில் ஒன்று அவருடையது. தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்துக்கிடந்து நீலகிரிக்கு வந்தபோது அவர் சின்னப் பிள்ளை. அவருடைய அம்மா அங்கிருந்து கொண்டுவந்தவற்றில் இரண்டு பித்தளைக் குடங்களும் ஏராளமான ஒப்பாரிப் பாட்டுகளும் உண்டு என்று அக்கா சொல்வார். தொழிலாளர் குடியிருப்பான லைனில் எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அந்த அம்மாவைத்தான் முதலில் கூப்பிடுவார்கள். அம்மாவுக்குப் பிறகு அக்காவை. அவர் முதல் அடியை எடுத்து மேலே ஏற்றினால்தான் மற்ற பெண்கள் சேர்ந்துகொள்வார்கள்.

தேயிலைக் காட்டுக்குள்ளும் அவர் குரல்தான் முன்னால் நிற்கும். தேயிலைச் சரிவில் குரல் என்ன வேலை செய்கிறது என்பது கீழே சமவெளியில் இருக்கிறவர்களுக்குத் தெரிய நியாயமில்லை. கொழுந்து எடுக்கிற பெண்கள் வரிசை பிடித்து ஆளுக்கொரு பக்கம் பரவிவிடுவார்கள். மூடுபனி இறங்கினால் நாலு வரிசைக்கு அந்தப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியாது. எடைக்கு நேரமாகிவிட்டதா, யாராவது வழுக்கி விழுந்துவிட்டார்களா, சோலை ஓரத்தில் காட்டெருமை நிற்கிறதா, எல்லாவற்றையும் கூவித்தான் சொல்லியாக வேண்டும். கோத்தகிரியில் கரடி நடமாட்டம் எவ்வளவு என்பது ஊருக்கே தெரியும். செல்போன் எல்லாச் சரிவிலும் எடுக்காது. எடுத்தாலும், கொழுந்துச் சாறு ஒட்டிப் பிசுபிசுக்கிற கையை மடியில் கட்டிய சாக்குக்குள் விட்டு அதைத் தேடி எடுப்பதற்குள் கரடி வந்துவிடும். அக்கா தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து ஒரு குரல் கொடுத்தால், பள்ளத்துக்கு அந்தப்புறம் இருக்கிற காட்டில் வேலை செய்கிறவர்களும் நிமிர்ந்து பார்ப்பார்கள். ஆஸ்பத்திரி ஜன்னலில் இருந்து எத்தனையோ தடவை நானே கேட்டிருக்கிறேன்.

அவர் கழுத்தில் கட்டி பல வருஷங்களாக இருந்தது. மலைமண்ணில் இருக்கிற அயோடின் மழையோடு கரைந்து போய்விடும் என்பதும், அதனால் மலைநாடுகளில் கழலை அதிகம் என்பதும் பழைய பாடம். அரசாங்கம் 1962-லேயே தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் தொடங்கியது. அயோடின் உப்பைப் பற்றி நானும் கிரெச்சில் பிள்ளைகளின் தாய்மாரை உட்காரவைத்துப் பாடம் நடத்தியிருக்கிறேன். அக்கா வீட்டுப் பானையில் கடைசிவரை கல்லுப்புதான் இருந்தது. கட்டி பெரிதாகி, கொழுந்து மூட்டையோடு மேடு ஏறும்போது மூச்சு வாங்க ஆரம்பித்தது. மல்லாந்து படுத்தால் அடைத்தது. ஆபரேஷன் அவசியம்தான், அதில் எனக்கு இன்றைக்கும் சந்தேகமில்லை. அனுப்பியது தப்பில்லை. எப்படி அனுப்பினேன் என்பதில்தான் தப்பு இருக்கிறது.

கோயம்புத்தூரில் அட்மிஷன் போடும்போது நான் கூடவே இருந்தேன். சம்மதப் படிவம் தமிழில் அச்சடித்திருந்தது. அதில் ரத்தப்போக்கு, கால்சியம் குறைவு இவற்றோடு "குரலில் மாற்றம்" என்றும் ஒரு வரி இருந்தது. அக்கா எழுத்துக்கூட்டி வாசிப்பார். விரலை அந்த வரியிலேயே வைத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"இது என்ன சிஸ்டர், குரல்னு போட்டிருக்கு?"

"எல்லாருக்கும் எழுதுறதுதான் அக்கா. கையெழுத்து போடுங்க."

போட்டார். அந்த ஆஸ்பத்திரி தன் பங்குக்கு எழுதி வைத்திருந்தது. அதைக் கடந்துபோகும்படி செய்தது நான். ஐந்து நிமிஷம் உட்கார்ந்து பேசியிருக்கலாம். பேசியிருந்தால் அவர் டாக்டரிடம் ஏதாவது கேட்டிருப்பார். 'எனக்குக் கூவணும் டாக்டர்' என்று சொல்லியிருக்கவும் கூடும்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. பேரைக் கேட்டார்கள், தெளிவாகச் சொன்னார். ஊருக்குத் திரும்பிய பிறகு நான் குறையில்லாமல் பார்த்துக்கொண்டேன் என்று அப்போது எனக்குப் பெருமை. உதட்டைச் சுற்றி மதமதப்பு இருக்கிறதா என்று தினமும் கேட்டேன். தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் போட்டு, அரைமணி நேரம் கழித்துத்தான் தேத்தண்ணி குடிக்க வேண்டும் என்று வீட்டுக்காரரிடமும் சொல்லி வைத்தேன். தையல் ஆறியது. தழும்பு கழுத்து மடிப்புக்குள் மறைந்தே போயிற்று.

வேலைக்குத் திரும்பிய கொஞ்ச நாளில் வந்தார்.

"சிஸ்டர், பேச வருது. கூப்பிட வரல."

இதைவிடத் தெளிவாக ஒரு நோயாளி தன் நோயைச் சொல்லிவிட முடியாது. பின்னாளில் ஒரு காது மூக்கு தொண்டை டாக்டர் எனக்குப் பத்து நிமிஷம் விளக்கியதை அவர் நாலு வார்த்தையில் சொல்லிவிட்டார். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கத்தாம இருங்க அக்கா, தொண்டைக்கு அதுதான் நல்லது."

இப்படிச் சொன்னதற்குப் பின்னால் என்னிடம் ஒரு கணக்கு இருந்தது. அதற்கு முன்னால் நான் அனுப்பி வைத்த ஒரு பெண் குரல் கம்மித் திரும்பி வந்து, சில வாரங்களில் பழையபடி பேச ஆரம்பித்திருந்தார். மயக்கம் கொடுக்கத் தொண்டைக்குள் குழாய் விடுவதாலும் அப்படி ஆகலாம். ஆகவே எல்லாருக்கும் சரியாகிவிடும் என்று நானே முடிவு கட்டிக்கொண்டேன். தைராய்டு அளவு குறைந்தாலும் குரல் தடிக்கும் என்பது உண்மை. அதனால் அடுத்த தடவை வந்தபோது மாத்திரை அளவு செட்டாகட்டும் என்றேன். ரத்தப் பரிசோதனை சரியாக வந்தது. அதற்குப் பிறகும் சுடுதண்ணி குடிங்க, உப்புத்தண்ணி கொப்பளிங்க என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். இன்னும் ஒன்றிரண்டு பெண்களுக்கும் கழுத்தில் கட்டி இருந்தது. அவர்களைப் பேசிப் பேசிப் பாதி சம்மதிக்க வைத்திருந்தேன். அந்த நேரத்தில்தான் அக்காவைத் தனியாகக் கூப்பிட்டு, குரல் போன கதையை லைனில் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். அவர் தலையை ஆட்டினார். சொல்லவில்லை. நான் கேட்டுக்கொண்டதற்காகக் கடைசிவரை யாரிடமும் சொல்லவில்லை.

அதன் விலையை அவர்தான் கொடுத்தார். காட்டில் அவர் குரல் கேட்காமல் போனதும், ஆபரேஷன் பண்ணிட்டு வந்ததிலிருந்து இவளுக்கு மவுசு கூடிப்போச்சு, ஒரு வார்த்தை கூப்பிடுறதில்ல என்று மற்றப் பெண்கள் பேசிக்கொண்டார்கள். ஒருநாள் பனிக்குள் சோலை ஓரத்தில் கரடியைப் பார்த்திருக்கிறார். குரல் கொடுத்தால் காற்றுத்தான் வந்தது. கீழே குனிந்திருந்தவர்களுக்குக் கேட்கவில்லை. கூடையைத் தூக்கிப் போட்டுவிட்டு ஓடிப்போய் ஒவ்வொருவராகத் தோளைத் தொட்டுச் சொல்லியிருக்கிறார். யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. என்னிடம் வந்து சொன்னபோது, நல்லவேளை என்று மட்டும் சொல்லிவிட்டு நான் ஊசி போட உட்கார்ந்திருந்த குழந்தையைப் பார்க்கப் போய்விட்டேன்.

ஒருவழியாகக் கோயம்புத்தூருக்குச் செக்கப்புக்குப் போனபோது, மூக்கு வழியாகக் கேமரா விட்டுப் பார்த்தார்கள். இரண்டு நாண்களும் அசைகின்றன என்று ரிப்போர்ட் வந்தது. எனக்கு ஏற்பட்ட நிம்மதியை இன்றைக்கு நினைத்தால் கூசுகிறது. ரிப்போர்ட்டை அவர் கையில் கொடுத்து, "பாத்தீங்களா, ஒண்ணுமே இல்ல" என்றேன். அதற்குப் பிறகு அவர் குரலைப் பற்றி என்னிடம் பேசவில்லை.

அவருடைய தம்பி இறந்தபோது நானும் துக்கம் கேட்கப் போயிருந்தேன். வாசலில் பந்தல். பெண்கள் சுற்றி உட்கார்ந்து அக்காவைப் பார்த்தபடி இருந்தார்கள். கூடப்பிறந்தவள் எடுத்துக்கொடுக்காமல் வேறு யார் எடுப்பது? அவர் தம்பியின் கால்மாட்டில் உட்கார்ந்து, மாரில் கை வைத்து, வாய் திறந்தார். முதல் அடியின் தொடக்கம் வந்தது. குரல் மேலே ஏற வேண்டிய இடத்தில் நின்றுபோனது. கழுத்து நரம்பெல்லாம் புடைத்துக் கிளம்பியது. மறுபடி எடுத்தார். அதே இடத்தில் நின்றது. பெண்களுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அழுகையில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்து ஒருத்தி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவர் செம்பைக் கையில் வைத்துக்கொண்டு, கூட்டத்தில் என்னைத் தேடிப் பார்த்தார். கோபமாகப் பார்க்கவில்லை. இது என்னன்னு இப்பவாவது சொல்லுங்க என்று கேட்கிற பார்வை அது.

பிறகுதான் ஓடினேன். எனக்குத் தெரிந்த ஒரு காது மூக்கு தொண்டை டாக்டரிடம் முழுவதையும் சொன்னேன். கேட்டு முடித்து அவர் முதலில் கேட்டது, "கூப்பிட வரலைன்னு அவங்க எப்போ சொன்னாங்க?" என்றுதான். பிறகு படம் போட்டுக் காட்டினார். நான் படித்த நரம்பு குரல்நாண்களைத் திறந்து மூடும். அது தவிர மெல்லிய கிளை ஒன்று, தைராய்டின் மேல்முனைக்குப் போகும் ரத்தக்குழாயை ஒட்டி இறங்கி, குரல்வளையின் முன்பக்கத்துச் சிறு தசை ஒன்றுக்குப் போகிறது. அந்தத் தசை, வீணைத் தந்தியை முறுக்கி ஏற்றுவதைப் போலக் குரல்நாண்களை நீட்டி இழுக்கிறது. உச்சத்துக்குப் போவதற்கும், குரலை வீசி எறிவதற்கும் அது வேண்டும். ஆபரேஷனில் ரத்தக்குழாயைக் கட்டும்போது அந்தக் கிளை சிக்கிக்கொள்ளலாம், இழுபடலாம். நோயாளி பேரைச் சொல்வார், சாதாரணமாகப் பேசுவார். கேமராவில் நாண்கள் அசையும். சாயங்காலமானால் குரல் களைத்துவிடும், மேலே ஏறாது, எட்டாது. தசைக்குள் மெல்லிய ஊசி வைத்து மின்னோட்டத்தைப் பார்க்கும் பரிசோதனையில்தான் உறுதியாகத் தெரியும். கட்டி பெரிதாக இருந்தால், நரம்பு சுரப்பியின் மேல்முனையோடு ஒட்டிக் கிடப்பதும் அதிகம். பிரேசில் நாட்டு சர்ஜன் செர்னியாவும் அவர் குழுவினரும் 1992-இல் அந்த நரம்பு போகும் பாதைகளை வகை பிரித்தே எழுதியிருக்கிறார்கள். பயந்து பயந்து வருஷக்கணக்கில் தள்ளிப்போட்டுவிட்டு வருகிற நம் பெண்களுக்குத்தான் கட்டி பெரிதாக இருக்கிறது.

அந்த நரம்புக்கு மருத்துவர்கள் மத்தியில் ஒரு பாடகியின் பேரே வழங்கியதாம். அமெலிட்டா கல்லி-குர்ச்சி. இத்தாலியில் பிறந்து அமெரிக்காவில் புகழின் உச்சிக்குப் போன ஆப்பராப் பாடகி. 1935-இல் சிகாகோவில் அவருக்குக் கழலை ஆபரேஷன் நடந்தது. அடுத்த வருஷம் மேடை ஏறினார், எடுபடவில்லை, பாட்டு வாழ்க்கை முடிந்துபோனது. அந்த நரம்பு அறுபட்டதுதான் காரணம் என்று பல பத்தாண்டுகள் சர்ஜன்கள் தங்கள் மாணவர்களுக்குச் சொல்லி எச்சரித்து வந்தார்கள். 2001-இல் இரண்டு மருத்துவர்கள் பழைய விமர்சனங்களை எடுத்து வைத்து ஆராய்ந்து, குரல் ஆபரேஷனுக்கு முன்பே சரிய ஆரம்பித்துவிட்டது, பழியை ஆபரேஷன்மேல் போட ஆதாரம் போதாது என்று எழுதினார்கள்.

இதைக் கேட்டபோது எனக்குப் பாடகியைவிட அந்தப் பழைய விமர்சனங்கள்தான் மனதில் நின்றன. அறுபது வருஷம் கழித்தும், ஆபரேஷனுக்கு முன்னால் அவர் குரல் எப்படி இருந்தது என்று வாதாட ஆதாரம் இருக்கிறது. எங்கள் அக்காவுக்கு என்ன இருக்கிறது? அவர் பேரில் என் நோட்டில் எடை இருக்கிறது, ரத்த அழுத்தம் இருக்கிறது, ஹீமோகுளோபின் இருக்கிறது, கட்டியின் அளவுகூட டேப் வைத்து எடுத்து எழுதியிருக்கிறேன். குரலைப் பற்றி ஒரு வரி இல்லை. பள்ளத்துக்கு அந்தப்புறம் கேட்ட அந்தக் குரல் இருந்தது என்பதற்கு லைனில் இருக்கிற பெண்களின் ஞாபகம்தான் சாட்சி. இத்தனைக்கும் என் கையில் போன் இருந்தது. அரை நிமிஷம் பதிவு செய்திருந்தால் போதும். கேமரா பார்த்த டாக்டரிடம், இப்படிக் கூவியவர், இப்போது இப்படி என்று போட்டுக் காட்டியிருக்கலாம்.

முதல் சில மாதங்களிலேயே குரல் பயிற்சிக்கு வந்திருந்தால் பலன் கூடுதலாக இருந்திருக்கும் என்றார் டாக்டர். இவ்வளவு காலம் தொண்டையை இறுக்கி இறுக்கிப் பேசி அதுவே பழக்கமாகிவிட்டது. அசையாத நாணை நடுவுக்குத் தள்ளிவைக்கும் ஆபரேஷனை ஜப்பான் டாக்டர் இஷிக்கி 1974-இல் வகுத்துக் கொடுத்தார், அதில் பலருக்குக் குரல் திரும்புகிறது. ஆனால் இது வேறு நரம்பு, இதற்கு அப்படி உறுதியான வழி இல்லை. அக்கா பயிற்சிக்குப் போனார். மூச்சை வயிற்றிலிருந்து எடுத்துப் பேசக் கற்றுக்கொண்டார், சாயங்காலக் களைப்பு குறைந்தது. ஒவ்வொரு தடவையும் மலை இறங்கி ஏற ஒருநாள் பேர், அதாவது ஒருநாள் கூலி, போய்விடும் என்பதால் கொஞ்ச காலத்தில் நிறுத்திவிட்டார். உயரக் குரல் திரும்பவில்லை.

அவரிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன். படிவத்தில் இருந்த வரி என்ன சொன்னது, அதை ஏன் மறைத்தேன், லைனில் சொல்ல வேண்டாம் என்று ஏன் கேட்டேன், ரிப்போர்ட்டைக் கையில் கொடுத்து ஒன்றுமில்லை என்று சொன்னபோது எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொன்னேன். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, கீரை ஆய்ந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"சொன்னா ஆபரேஷன் வேணாம்னு ஓடிருவேன்னு நெனச்சீங்களா சிஸ்டர்?"

"ஆமாக்கா."

"ஓடியிருக்க மாட்டேன். மூச்சு அடைச்சு செத்துக்கிட்டிருந்தேனே." கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்: "எங்கம்மா பாட்டையெல்லாம் மொதல்ல மகளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போயிருப்பேன். இப்ப வார்த்தை சொல்லிக் குடுக்க முடியும். எந்த எடத்துல ஏத்தணும்னு எப்படிக் காட்டுவேன்?"

நான் மறைத்ததற்கு வைத்திருந்த ஒரே நியாயமும் அன்றைக்குப் பொய்யாகிவிட்டது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்து, தன் காரியத்தை முடித்துக்கொண்டு புறப்படும் அவகாசத்தை அவரிடமிருந்து எடுத்துவிட்டேன். அவர் என்னை மன்னித்தாரா என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மன்னித்துவிட்டேன் என்று சொல்லிவிடுவார். அதை வாங்கிக்கொண்டு வர எனக்கு மனம் வரவில்லை.

என் இடத்துக்கு வந்திருக்கிற பெண் கெட்டிக்காரி. கழுத்துக் கட்டியோடு வருகிறவர்களின் குரலை அனுப்புவதற்கு முன்னால் போனில் பதிவு செய்து வைக்கச் சொல்லியிருக்கிறேன். பேசுவது, ஒன்றிலிருந்து இருபது வரை எண்ணுவது, பிறகு ஆஸ்பத்திரிக்கு வெளியே நிறுத்திக் காட்டில் கூப்பிடுகிற மாதிரி ஒரு கூப்பாடு. திரும்பி வந்ததும் அதே மூன்றும். படிவத்தில் இருக்கிற வரியைப் படித்துச் சொல்லி, உங்களுக்குக் குரல் எதற்கெல்லாம் வேண்டும் என்று கேட்டு, அதை டாக்டரிடம் சொல்லச் சொல்வதையும் அவள் செய்கிறாள். இதுவரை யாரும் ஓடிப்போகவில்லை என்கிறாள்.

என் பழைய நோட்டில் இன்னும் பல பேர்கள் இருக்கின்றன. அவர்களில் பாதிப்பேர் லைன் வீட்டைக் காலி செய்துவிட்டு, பிள்ளைகளோடு திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டார்கள். பக்கத்தில் இருக்கிற ஒருவரைப் போய்ப் பார்த்து, ஆபரேஷனுக்குப் பிறகு குரல் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "அப்பலேர்ந்தே கூப்பிட முடியறதில்ல சிஸ்டர், வயசாச்சுல்ல" என்றார். ஆபரேஷன் நடந்தபோது அவருக்கு முப்பத்தைந்து வயதுகூட இருக்காது. வயதால் இல்லை, ஆபரேஷன்தான் காரணமாக இருக்கலாம் என்று அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன். மற்றவர்களைத் தேடி நான் இன்னும் போகவில்லை.